மீசை முறுக்கினால் வரும் இங்கிலீஷ்

ராமச்சந்திரனுக்குச் சினிமா வில்லனின் முகம் நன்றாக ஞாபகம் வந்தது, அதற்கான இங்கிலீஷ் சொல்தான் வரவில்லை.

"மீசைய முறுக்கிப் பாருங்க" என்றாள் மனைவி புஷ்பவதி.

முறுக்கினான். "நொட்டோரியஸ்" வந்து விழுந்தது.

ரப்பர் தோட்டத்து ஆபீசில் அவன் சின்ன கிளாக்கர். பெரிய கிளாக்கர் வேலை காலியாகியிருந்தது. கிடைத்தால் தனி வீடாகக் குவாட்டர்ஸ், கிடைக்காவிட்டால் இதே ஒழுகுகிற அறை, தொட்டில் பக்கத்தில் இதே வாளி. ஆள் எடுக்கப்போவது தோட்டத்தை நடத்தும் துரை. துரை என்றால் இங்கிலீஷ். தோட்டம் தோன்றிய நாளிலிருந்து அதுதானே சட்டம். அதனால் கடினமான சொற்களை எஹலியகொட டவுன் தியேட்டரில் பார்த்த படங்களோடு முடிச்சுப் போட்டு வைத்தான். கல்யாணத்துக்குச் சம்மதிக்காத அப்பா, 'ஒப்ஸ்டினேட்'. சொத்தைத் தம்பிக்கு விட்டுத் துண்டை உதறிப் போகிற அண்ணன், 'மெக்னானிமஸ்'. மரத்தடியில் கன்னத்தில் கைவைத்து அழும் கதாநாயகி, 'மெலன்கலி'.

வெள்ளைக்காரக் கம்பெனியிடமிருந்து தோட்டத்தை அரசாங்கம் எடுத்த பிறகு வந்த புதுத் துரையை ஆபீஸ் வாசலில் பிடித்தான். "குட் மோர்னிங் சேர். த வெதர் இஸ் மெலன்கலி."

துரை வானத்தைப் பார்த்தார், அவனைப் பார்த்தார், உள்ளே போய்க் கதவைச் சாத்திக்கொண்டார்.

"ஒரு சொல்லு பத்தாது போல" என்றான் வீட்டில்.

"வேலைக்குக் கேட்டிருக்காரே ஸ்டோர் கிளாக்கர் நாகலிங்கம், அவரு என்னா படிக்கிறாராம்?"

"அவனா? எந்நேரமும் சிங்களத்துல அரட்டை. சிங்களம் எனக்கு மட்டும் வராதா? அத வச்சு எஹலியகொடயில கருவாடுதான் வாங்கலாம்."

மறுநாள் ரெண்டு சொல் போட்டான். துரை பின்வாசல் வழியாக மலையில் நடக்கிற வேலையைப் பார்க்கப் போய்விட்டார்.

இன்டர்வியூவில் விடுவானா? கையிருப்பு முழுவதையும் இறக்கினான். சைகை இல்லாமல் சொல் வராதே. மீசையை முறுக்கினான், கன்னத்தில் கைவைத்தான், துண்டு இல்லாத குறைக்குத் துரையின் மேசைத் துணியை உதறினான். துரைக்கு வேர்த்துக் கொட்டியது. தண்ணீர் குடித்துவிட்டு "தேங்க்யூ" என்று மட்டும் சொன்னார்.

"மனுசன் ஆடிப்போயிட்டாரு" என்றான் வீட்டில். புஷ்பவதி சட்டி பானையைக் கட்ட ஆரம்பித்தாள்.

சாயங்காலம் துரை பங்களாவின் சமையல்காரர் சிறில் வந்தார். "வேலை நாகலிங்கத்துக்குங்க."

ராமச்சந்திரன் மீசையிலிருந்து கையை எடுத்தான். "அவன் அப்பிடி என்னா இங்கிலீசு பேசினான்?"

"இங்கிலீசு எங்கங்க? ரெண்டு பேரும் சிங்களத்துலயே சிரிச்சுப் பேசிக்கிட்டிருந்தாங்க."

புஷ்பவதி கட்டியதை அவிழ்க்கத் தொடங்கினாள். சிறில் போகாமல் தலையைச் சொறிந்தார்.

"தொரை ரகசியமா ஒண்ணு கேட்டு வரச் சொன்னாருங்க. ஒங்களுக்கு இங்கிலீசு சொல்லிக்குடுக்கிற வாத்தியாரு, அவருக்கும் சொல்லிக்குடுப்பாரான்னு."