பித்தம் உறிஞ்சும் சங்கு

தூத்துக்குடியில் ஆஸ்பத்திரிக்குப் பஞ்சமில்லை. ஆனாலும் ஞாயிற்றுக்கிழமையானால் ஆட்டோவெல்லாம் உப்பளத்து ஓரக் கொட்டகைக்குத்தான் பறக்கும். சங்குச் சித்தர் அங்கேதான் இருந்தார். நோயாளி வயிற்றில் சங்கை வைத்து உறிஞ்சுவார். பச்சையாக ஒரு கட்டியைத் துப்புவார். அதுதான் புற்றுநோயாம். தோலில் கீறல்கூட இருக்காது. கட்டி எந்த வழியாக வந்தது என்று கேட்க ஒருவருக்கும் நேரமில்லை. கேட்டால் வரிசையில் இடம் போய்விடும்.

அந்த வரிசையில் ரோச் முகத்தைச் சுளித்துக்கொண்டு நின்றார். கடலில் மூழ்கிச் சங்கு குளித்தே கிழவரானவர். மனைவி ஞானசௌந்தரிக்குப் பித்தக்குழாயில் முற்றிய புற்று. ரோச் டாக்டரையும் லேசில் நம்பியவரல்ல. இந்த மருந்தை யாருக்குக் கொடுத்துப் பார்த்தீர்கள் என்று குடைந்தெடுத்தார். டாக்டரம்மா விளக்கினாள். சோதித்துப் பார்த்தபோது கீமோ எல்லாருக்கும் கொடுத்தார்கள். அதோடு பாதிப்பேருக்கு, உடம்பின் எதிர்ப்புச் சக்தியைத் தட்டியெழுப்பும் புது ஊசி. மீதிப்பேருக்கு வெறும் உப்புத்தண்ணீர். யாருக்கு எது என்று போட்டவருக்கும் தெரியாது. புது ஊசிக்காரர்களில் கூடுதல் பேர் கூடுதல் காலம் உயிரோடு இருந்தார்கள்.

"எல்லாருக்கும் கேக்காது பெரியவரே. குணமாயிரும்னு நான் சொல்லமாட்டேன்," என்றாள்.

சித்தரோ முன்பே சொல்லியனுப்பியிருந்தார். ஒரே உறிஞ்சில் குணம். ஆனால் ஊசியை நிறுத்தினால்தான் சங்கு வேலை செய்யும். விடிந்தால் திங்கள், அடுத்த ஊசி. போன ஊசிகளில் வாந்தியெடுத்து ஓய்ந்துபோன ஞானசௌந்தரி, இனி ஆஸ்பத்திரிப் பக்கமே வரமாட்டேன் என்றுவிட்டாள்.

முறை வந்தது. அவள் படுத்தாள். சித்தர் சங்கைத் தூக்கினார்.

"பொறும் அண்ணாச்சி," என்றார் ரோச். "வாயைக் கொப்பளிச்சிட்டு உறிஞ்சும்."

சித்தர் மாட்டேன் என்று தலையை மட்டும் ஆட்டினார். சீடன் இசக்கிராஜா பாய்ந்து வந்தான். "சாமி இப்ப மௌனத்துல இருக்காவ. வாயத் தொறந்தா சக்தி போயிரும்."

"பேசவா சொன்னேன்? கொப்பளிக்கத்தானவே சொல்லுதேன்."

நம்பிக்கை இல்லாதவன் வெளியே போகட்டும் என்று கூட்டம் கத்தியது. படுத்திருந்த ஞானசௌந்தரி மெல்லத் தலையைத் தூக்கினாள்.

"கொப்பளிக்கட்டுமே. வாந்தியெடுத்துட்டு நான் தெனமும் கொப்பளிக்கத்தான செய்யுதேன்."

நோயாளியே கேட்டபின் யார் என்ன சொல்வது? ரோச் தண்ணீர்த் தம்ளரை நீட்டினார். சித்தர் தண்ணீரைப் பார்த்தார், கூட்டத்தைப் பார்த்தார். சட்டென்று எதையோ விழுங்கப் பார்த்தார். விழுங்கு முன்னே அது உடைந்தது. முகம் கோணி, கண் பிதுங்கி, பச்சைப் பசேலென்று கக்கினார். கிழிந்த கோழிப் பித்தப்பை. சங்கு இன்னும் அவள் வயிற்றைத் தொடவேயில்லை.

தொடாமலே எடுத்துவிட்டாரே, இதல்லவா அற்புதம் என்று கன்னத்தில் போட்டுக்கொண்டார் ஒரு பக்தர்.

ஞானசௌந்தரி சேலையைச் சரிசெய்துகொண்டு எழுந்தாள். "காலைல ஊசிக்கு எத்தன மணிக்குப் போவணும்?" என்று புருஷனைக் கேட்டாள்.

டாக்டரிடம் ஆயிரம் கேள்வி கேட்கும் சனங்களே, சாமியாரிடமும் ஒன்று கேளுங்கள். கேள்விக்குப் பக்கவிளைவு கிடையாது.