சங்கரி சொன்ன ருசி

அன்னாசிப்பழம் மேலே போனதை லக்ஷ்மிநாராயணன் தன் கண்ணால் பார்த்தார். கீழே வந்ததைத்தான் காணோம்.

மிக்ஸியின் மூடி கேஸ் சிலிண்டருக்குப் பின்னால் உருண்டு போய் ஒளிந்துகொண்டது. பழக்கூழில் பாதி சமையலறைக் கூரையில் அப்பிக்கொண்டிருந்தது. மீதிப் பாதி அவருடைய மூக்குக் கண்ணாடியில் இருந்தது.

"லோடு ஜாஸ்தி," என்று மிக்ஸியிடம் சொன்னார்.

சதுரங்கப்பட்டினத்துக்குப் பக்கத்தில் டவுன்ஷிப் குவார்ட்டர்ஸில் குடியிருப்பவர் அவர். அணு ஆராய்ச்சி மையத்தில் கருவிகள் பிரிவில் வேலை. எந்த இயந்திரம் மக்கர் செய்தாலும் முதலில் அதனிடம் காரணத்தை எடுத்துச் சொல்லிவிட்டுத்தான் ஸ்குரூடிரைவரைத் தேடுவார். இயந்திரங்களும் அவர் பேச்சை ஓரளவுக்குக் கேட்கும். சமையலறை மட்டும் இதுவரை கேட்டதில்லை.

விஷயம் இதுதான். கல்யாணமான நாள் முதல் இன்று வரை அவர் சமைத்த எதையும் அவர் மனைவி சங்கரி "நல்லா இருக்கு" என்று சொன்னது கிடையாது. ரவை உப்புமாவுக்கு ஒருமுறை "பரவால்ல" வந்தது. தக்காளி ரசத்துக்கு "சூடா இருக்கு" வந்தது. அதற்கு மேல் அந்த அம்மாளின் வாயிலிருந்து எதுவும் உதிர்ந்ததில்லை. பொய் சொல்லத் தெரியாத பெண்மணி என்று உறவினர் வட்டாரத்தில் பெயர் எடுத்தவள். ருசி விஷயத்தில் கேட்கவே வேண்டாம்.

அப்படிப்பட்ட சங்கரி, போன மாதம் பள்ளிக்கூட டீச்சர்களோடு மாமல்லபுரத்தில் ஒரு கடற்கரை ரிசார்ட்டுக்குப் போய்வந்தாள். போகவே மாட்டேன் என்றவளை, "போய்ட்டு வா. புதுசா ஏதாவது சாப்பிட்டுப் பாரு. வந்து எனக்குச் சொல்லணும்" என்று வற்புறுத்தி அனுப்பியவர் இவர்தான். திரும்பி வந்தவளைச் செருப்பைக்கூடக் கழற்ற விடாமல் கேட்டார்.

"என்ன சாப்ட்ட?"

"பினா கொலாடான்னு ஒண்ணுங்க. தேங்காப்பாலும் அன்னாசியும் ஐஸும் போட்டு அடிச்சு, நுரை நுரையா... நல்லா இருந்துச்சு."

கண்ணை மூடிக்கொண்டு வேறு சொன்னாள். லக்ஷ்மிநாராயணனுக்கு வயிறு எரிந்தது. யாரோ ஒரு ரிசார்ட்காரன், ஒரே ஒரு கிளாஸில் வாங்கிவிட்டான் அந்த வார்த்தையை!

இன்று சங்கரிக்குப் பிறந்தநாள். தோழி கண்ணகி டீச்சரோடு திருப்போரூர் முருகன் கோயிலுக்குப் போயிருக்கிறாள். சாயங்காலம் திரும்புவதற்குள் அதே பானத்தைச் செய்து நீட்டி, வசிஷ்டர் வாயால் பிரம்மரிஷி பட்டம் வாங்கிவிடுவது என்று முடிவு செய்திருந்தார். செல்போனில் பார்த்த வீடியோவில் ஒரு பெண் சிரித்துக்கொண்டே இரண்டு நிமிஷத்தில் செய்து முடித்தாள். அவள் வீட்டுக் கூரையை வீடியோவில் காட்டவே இல்லை என்பது இப்போதுதான் உறைத்தது.

மிக்ஸி ஜாரின் வாஷர் கிழிந்து போயிருந்தது. மாடிப்படி ஏறினார்.

மேல்வீட்டு ஞானம்மாள் கதவைத் திறந்து, அவரை உச்சி முதல் பாதம் வரை பார்த்தாள். "என்ன சார், வீட்ல பெயின்ட் அடிக்கிறீங்களா?"

"மிக்ஸி ஜார் வேணும்மா. சங்கரிக்கு ஒரு ஜூஸ்."

"என்ன ஜூஸ்?"

சொன்னார். ஞானம்மாளின் முகம் மலர்ந்தது. துபாயில் இருக்கும் மகன் வீட்டுக்கு இரண்டு தடவை போய்வந்தவள். "அதுக்கு ரம் போடணுமே சார்! ரம் இல்லாட்டி அது வெறும் பச்சைப்புள்ள குடிக்கிற சமாச்சாரம்."

லக்ஷ்மிநாராயணன் சுற்றுமுற்றும் பார்த்தார். "ரம்முக்கு எங்கம்மா போறது? நான் அந்தக் கடை வாசல்ல நின்னா நாளைக்கு டிபார்ட்மென்ட்டே பேசும்."

"எதுக்குக் கடை? கிறிஸ்துமஸ் கேக்குக்குப் பழம் ஊறப்போட வாங்கினது மிச்சம் இருக்கு," என்று சொல்லி, ஜாரோடு ஒரு சின்ன பாட்டிலையும் கொண்டுவந்து கொடுத்தாள். "ரெண்டு ஸ்பூன் போதும். ஜாரை மட்டும் சாயங்காலத்துக்குள்ள குடுத்துருங்க, சட்னி அரைக்கணும்."

கீழே வந்து ஃப்ரீசரைத் திறந்தார். ஐஸ் தட்டில் ஐஸ் இல்லை. குழிக்குக் குழி இஞ்சி பூண்டு விழுது உறைந்து கிடந்தது. போன வாரம் அரைத்தது கெட்டுப்போகாமல் இருக்க இவரே கண்டுபிடித்து, இவரே நிரப்பிவைத்த ஏற்பாடு. யாரைத் திட்டுவது?

அந்த நேரம் பார்த்துத் தெருவில் ஹார்ன் சத்தம் கேட்டது. மீன்காரர் செல்வராஜ் டிவிஎஸ் வண்டியில் போய்க்கொண்டிருந்தார்.

"செல்வராஜ்! ஐஸ் இருக்கா?"

"இன்னா சார், மீனு வாணாமா, ஐஸு மட்டும் வோணுமா?"

"ஜூஸுக்குப்பா."

"தாராளமா எடுத்துக்கோ சார். இப்பத்தான் ஐஸ் பிளாண்டுலேர்ந்து வாங்கினு வரேன். மீனு மேல படாத ஐஸு. பெட்டி மட்டுந்தான் மீன் பெட்டி."

"வாசனை வராதே?"

"ஐஸுக்கு ஏது சார் வாசனை? பேஜாரு பண்ணாம ஏனத்த நீட்டு."

நீட்டினார். வீட்டுக்குள் வந்து, பாத்திரத்தில் வாங்கிய ஐஸைக் குழாயடியில் தேய்த்துத் தேய்த்துக் கழுவினார். அரைக்காமல் மிச்சம் வைத்திருந்த அன்னாசி, தேங்காய்ப்பால், ரெண்டு ஸ்பூன் ரம், ஐஸ் எல்லாவற்றையும் ஞானம்மாளின் ஜாரில் போட்டு, மூடியை இரண்டு கையாலும் அமுக்கிப் பிடித்துக்கொண்டு மிக்ஸியை ஓடவிட்டார். வெள்ளை வெளேரென்று நுரை பொங்கி வந்தது. பார்க்க அழகாக இருந்தது. ஒரு ஸ்பூன் வாயில் விட்டார்.

வஞ்சிரம்.

சந்தேகமே இல்லை. அன்னாசியும் தேங்காயும் வரவேற்று உள்ளே அழைத்துப் போன பிறகு, வீட்டுக்குள் உட்கார்ந்திருந்தது வஞ்சிரம்தான்.

ஆபீசில் அவர் ஜூனியர்களுக்குப் படித்துப் படித்துச் சொல்லும் விதி ஒன்று உண்டு. கோளாறு வந்தால் ஒரு நேரத்தில் ஒன்றை மட்டும் மாற்று, பலனைப் பார், பிறகு அடுத்ததை மாற்று. அந்த விதியை அவர் இப்போது காற்றில் பறக்கவிட்டார். வாசனையை அமுக்க ஒரு பிடி ஏலக்காய். பத்தவில்லை என்று ரோஸ் எசென்ஸ். நுரை பிங்க் நிறத்துக்குப் போனது. நிறத்தை வெளுக்க அரை லிட்டர் பாலை ஊற்றி இன்னொரு சுற்று ஓட்டினார். பச்சை அன்னாசியோடு பால் சேர்ந்தால் என்ன ஆகும் என்று வீடியோப் பெண் சொல்லியிருக்கவில்லை. கொஞ்ச நேரத்தில் நுரை திரிதிரியாகத் திரிந்து, பாகற்காய்க்கு அண்ணன் மாதிரி கசந்தது.

கசப்புக்குச் சர்க்கரை போட்டார். சர்க்கரை அதிகமானதற்கு எலுமிச்சை பிழிந்தார். எலுமிச்சையில் இன்னும் திரிந்தது. திரிதிரியை மறைக்கப் பழுத்த வாழைப்பழம் நாலைப் போட்டு அரைத்தார். இப்போது அது குடிக்கிற பதத்திலிருந்து விலகி, சுவரொட்டி ஒட்டுகிற பதத்துக்கு வந்திருந்தது. போனது போகட்டும் என்று பாட்டிலில் மிச்சமிருந்த ரம்மையும் கவிழ்த்தார்.

அழைப்பு மணி அடித்தது. ஞானம்மாள் ஜாருக்கு வந்திருந்தாள். ஜாரில் இருந்ததை ஒரு பாத்திரத்துக்கு மாற்றிவிட்டு, ஜாரை வெறுமனே கொடுக்கக் கூடாதே என்று ஒரு டம்ளரையும் நிரப்பி நீட்டினார். அவள் ஒரு வாய் குடித்தாள். கொஞ்ச நேரம் ஜன்னல் வழியாகத் தெருவைப் பார்த்துக்கொண்டு நின்றாள்.

"எப்படிம்மா இருக்கு?"

"சார், நான் இதுவரைக்கும் உங்களைப் பத்தி நல்லவிதமாத்தான் எல்லார்கிட்டயும் சொல்லியிருக்கேன். அப்படியே இருந்துட்டுப் போகட்டும்." டம்ளரை மேடையில் வைத்துவிட்டு, ஜாரை மட்டும் எடுத்துக்கொண்டு போய்விட்டாள்.

லக்ஷ்மிநாராயணன் பாத்திரத்தைத் தூக்கினார், அப்படியே தொட்டியில் கவிழ்த்துவிட. பிறந்தநாளும் போச்சு, பட்டமும் போச்சு. மனசு நொந்துபோயிருந்தது. சரியாக அந்த நேரம் வாசலில் ஆட்டோ வந்து நின்றது.

"என்னங்க, வீடெல்லாம் கமகமன்னு வாசனை வருது?" என்றபடி சங்கரி உள்ளே வந்தாள். நெற்றியில் விபூதி, கையில் பிரசாதப் பை. பின்னாலேயே கண்ணகி டீச்சர்.

இனி ஒளிக்க முடியாது. இரண்டு பேருக்கும் கண்ணாடி கிளாஸில் ஊற்றினார். ஊற்றினார் என்பதைவிடக் கரண்டியால் வழித்துவிட்டார் என்பதுதான் சரி.

"சங்கரி, உன் பினா கொலாடா. பிறந்தநாளுக்குன்னு செஞ்சேன். சரியா வரல. இதுல ரம் வேற இருக்கு, ஞானம்மா கேக்குக்கு வச்சிருந்தது. நீ குடிக்கவே வேணாம். நாம பஜ்ஜி போட்டுக்கலாம்."

சங்கரி அவரைப் பார்த்தாள். பிறகு நிமிர்ந்து சமையலறைக் கூரையைப் பார்த்தாள். அதன் பிறகு கிளாஸை எடுத்து, ஒரு வாய் குடித்தாள். தொண்டை ஏறி இறங்கியது.

"அதே ருசிங்க," என்றாள்.

"என்னது?"

"அன்னிக்குக் குடிச்ச அதே ருசி. இம்மி பிசகல."

"ஒரு மாதிரி... மீன் வாசனை வரல?"

"கடற்கரை ஓட்டல்ல வேற என்ன வாசனை வரும்? அங்கயும் இப்படித்தான் இருந்துச்சு. ரம்மும் இதே அளவு." கண்ணை மூடி இன்னொரு வாய் குடித்தாள். "ரொம்ப நல்லா இருக்குங்க."

ரொம்ப! 'நல்லா' மட்டுமில்லை, கூடவே ஒரு 'ரொம்ப'! லக்ஷ்மிநாராயணனுக்குக் கண்ணில் தண்ணீர் முட்டிக்கொண்டு வந்தது. சங்கரி கிளாஸின் அடி வரைக்கும் குடித்து முடித்தாள். புடவை மாற்றிக்கொண்டு வருவதாகச் சொல்லிவிட்டு, வழக்கத்தைவிடக் கொஞ்சம் வேகமாகவே உள்ளே போனாள்.

அவர் காற்றில் மிதந்தார். அந்த ரிசார்ட்காரனை நினைத்தால்கூட இப்போது பாவமாக இருந்தது. என்னென்னவோ வெளிநாட்டு மிஷின் எல்லாம் வைத்துக்கொண்டு அவன் செய்ததை, ஒரு கிழிந்த வாஷரும் செல்வராஜ் பெட்டியும் வைத்து இவர் செய்துவிட்டாரே!

"பாத்தீங்களா டீச்சர்? கண்ணை மூடிக்கிட்டுச் சொல்றா, அதே ருசியாம்! நீங்களும் அன்னிக்குக் கூடப் போனவங்கதானே, நீங்க சொல்லுங்க. அதே ருசியா?"

கண்ணகி டீச்சர் வாயில் இருந்ததைச் சிரமப்பட்டு விழுங்கிவிட்டு, உள் அறைக் கதவு சாத்தியிருக்கிறதா என்று ஒருமுறை திரும்பிப் பார்த்துக்கொண்டாள்.

"அவ எங்க சார் குடிச்சா? கிளாஸைக் கையில வாங்கினதுமே பீச் காத்துல முந்தானை பறந்து தட்டி, அத்தனையும் மணல்ல கொட்டிருச்சு. நீங்க ஆசையாக் கேப்பீங்களேன்னு, எப்படி இருந்துச்சு, எப்படி இருந்துச்சுன்னு வழி முழுக்க என்கிட்டதான் கேட்டு மனப்பாடம் பண்ணிக்கிட்டு வந்தா!"