கஸ்பார் ஒருவரா, இருவரா?

சேசு மரி சூசை துணை

கண்டல்முனை,
மட்டக்களப்பு.
9.3.1963

என் பிரியத்துக்குரிய மச்சான் திருவாளர் பற்றிக் அவர்களுக்கு,

தேவ கிருபையால் நீங்களும் வீட்டாரும் கொழும்பில் சேமமாய் இருக்க மன்றாடுகிறேன். இங்கு நாங்களும் சுகம் என்று அடுத்த வரியில் எழுதுவதுதான் முறை. முப்பத்திரண்டு வருஷமாய் அப்படித்தான் எழுதிக்கொண்டும் வந்தேன். இந்தமுறை பேனை போகுதில்லை. உங்கள் தங்கை திரேசம்மா அவளுடைய வீட்டில் சுகம். நான் என் தங்கச்சி வீட்டு விறாந்தையில் சுகமில்லை. நாங்கள் இருவரும் புருஷன் பெண்சாதிதானா என்பது மேற்றிராணியார் ஆண்டகையின் பதில் வந்த பிறகுதான் தெரியும்.

பயந்து போகாதீர்கள், சண்டை ஒன்றும் இல்லை. எங்கள் மகள் றெஜினாவின் கலியாணத்துக்கு உயிர்த்த ஞாயிறு கழிந்து பத்தாம் நாள் குறித்திருக்கிறது என்று தை மாசம் எழுதினேனல்லவா? அதற்குக் கோயிலில் பேர் கொடுக்கப் போனதுதான் நான் செய்த குற்றம். பழைய சுவாமி என்றால் "நம்மட நீக்கிலாப்பிள்ளைட மகளா, சரி போ" என்று இரண்டு நிமிஷத்தில் முடித்திருப்பார். புதிதாய் வந்திருக்கிற பேர்னாட் சுவாமி இளவயசுக்காரர், படிப்பு இன்னும் சூடாறவில்லை. அச்சடித்த தாள் ஒன்றை விரித்து வைத்து, பொம்பிளையின் தாய் தகப்பன் ஆர், அவர்களுடைய தாய் தகப்பன் ஆர், அதற்கு மேலே ஆர் என்று ஏறிக்கொண்டே போனார். அப்பாவின் அப்பாவுக்கு மேலே எனக்கு ஒருவரையும் தெரியாது சுவாமி என்றேன். "பரவாயில்லை, கோயில் புத்தகம் இருக்குதே" என்று அவரே பிரட்டிப் பிரட்டி நிரப்பினார். நிரப்பி முடித்துப் பார்த்தால் என் பூட்டன் பெயர் கஸ்பார், சந்தியோகுவின் மகன். திரேசம்மாவின் பூட்டன் பெயரும் கஸ்பார், சந்தியோகுவின் மகன். சுவாமி பேனையை மூடி வைத்துவிட்டு என்னை ஒரு பார்வை பார்த்தார். "இது ரெண்டும் ஒரே ஆள் எண்டா நீங்க ரெண்டுபேரும் ஒரு பூட்டன்ட பிள்ளையள். மேற்றிராணியாரிட உத்தரவில்லாமக் கட்டியிருந்தா அது திருச்சபைக்குக் கலியாணமே இல்ல. உத்தரவு எடுத்ததா இதில ஒண்டும் இல்லியே" என்றார்.

நான் சிரித்துவிட்டேன், மச்சான். எங்கள் கலியாணம் பேசின நாளில் நீங்களும் உங்கள் மாமன்மாரும் எங்கள் வீட்டில் குந்தியிருந்து என்னவெல்லாம் விசாரித்தீர்கள்! என் தாயின் குடி என்ன, தாயின் தாய் எந்தக் குடி, அவளுக்கு முந்தினவள் எந்தக் குடி என்று நாலு தலைமுறைப் பெண்களை எழுப்பி வைத்துக் கேட்டீர்கள். ஒரே குடி என்றால் அண்ணன் தங்கச்சி முறை, கட்டக்கூடாது. வேறு குடி என்று கண்ட பிறகுதான் வெற்றிலையைத் தொட்டீர்கள். தகப்பன் வழியில் ஆர் எவர் என்று ஒரு மனிதன் வாய் திறந்தானா? திறக்கிற வழக்கமே இங்கே இல்லையே. பின்வேலியை மூன்று சுற்று இறுக்கி அடைத்துவிட்டு முன்கடப்பை ஆவென்று திறந்து விட்டிருக்கிறோம். இதைச் சுவாமிக்கு விளங்கப்படுத்தினேன். "குடியைப் பற்றித் திருச்சபைச் சட்டத்தில ஒண்டும் இல்ல" என்று சொல்லிவிட்டார். கஸ்பார் இரண்டு பேர் என்று நிரூபித்துக்கொண்டு வாருங்கள், பிறகு றெஜினாவின் கலியாண அறிவிப்பு ஓலையைப் பூசையில் வாசிப்போம் என்றும் சொன்னார்.

நில அளவைக் கந்தோரில் முப்பத்தைந்து வருஷம் படம் கீறினவன் நான். வயல்வட்டைக்கு வயல்வட்டை, வரம்புக்கு வரம்பு, கோடாலி தூக்கிக்கொண்டு நின்ற அண்ணன் தம்பிமாரையெல்லாம் பிரித்து விட்டவன். செத்துப்போன இரண்டு மனிதரைப் பிரிக்க எனக்கு எத்தனை நாள் செல்லும் என்று நெஞ்சை நிமிர்த்திக்கொண்டு, கோயில் புத்தகங்கள் இருக்கிற சங்கீஸ்து அறைக்குள் போய் இருந்தேன். மூன்றாம் நாள் கூன் விழுந்து வெளியே வந்தேன். அந்தக் காலத்தில் கோவாவிலிருந்து வந்த கஸ்பார் சுவாமி என்று ஒருவர் பத்தொன்பது வருஷம் இந்தக் கரையில் இருந்திருக்கிறார். தன் பெயரை வைக்கிற ஒவ்வொரு ஆண்பிள்ளைக்கும் இரண்டு முழம் சிவப்புச் சீலை கொடுப்பாராம். சும்மா வருகிற சீலையை நம்முடைய சனம் விடுமா? பிறந்ததெல்லாம் கஸ்பார். கோயில் சந்தியோகுமையோர் பேரில் இருக்கிறபடியால் அதற்கு முந்தின தலைமுறையில் பாதிப்பேர் சந்தியோகு. பெண்களுக்கு வீட்டில் என்ன பேர் இருந்ததோ, சுவாமி எல்லாரையும் மரியாள் என்றே எழுதி வைத்திருக்கிறார். ஆகவே சந்தியோகுவின் மகன், மரியாளைக் கட்டிய கஸ்பார், தொழில் வாவியில் மீன்பிடி என்று ஒன்றல்ல இரண்டல்ல, பதினேழு பேர் மச்சான், பதினேழு பேர்!

ஆனாலும் விடவில்லை. கந்தோரிலிருந்து விலகும்போது கொண்டுவந்த, படம் கீறுகிற ட்றேசிங் துணியில் நாலடி நீளம் வெட்டி, பதினேழு கஸ்பாரையும் பதினேழு காணித் துண்டுபோலக் கீறி, ஆருக்கு எந்த வருஷம் பிள்ளை பிறந்தது, ஆர் ஞானத்தாய், ஆர் சாட்சி என்று மூன்று கிழமை இருந்து கறுப்பு மையால் எழுதினேன். அப்படி ஒரு படம் நான் உத்தியோகத்திலும் கீறினதில்லை. முடித்த அன்று அதை மேசையில் காயவிட்டுக் குளிக்கப் போனேன். அந்தத் துணியைக் கொதிதண்ணியில் ஊறப்போட்டால் பசையெல்லாம் கழன்று நல்ல மெல்லிய பருத்தித் துணி வரும் என்பது உங்களுக்குத் தெரியுமோ தெரியாது, உங்கள் தங்கைக்குத் தெரியும். கழித்த படங்களையெல்லாம் அவள் அப்படித்தான் அவித்துத் துவைத்து முகம் துடைக்கிற லேஞ்சியும் பிள்ளைச் சட்டையும் தைத்துக்கொண்டு வந்தவள். நான் தலையைத் துவட்டிக்கொண்டு வரும்போது பதினேழு கஸ்பாரும் பெண்சாதி பிள்ளைகளோடு கறுப்புத் தண்ணியாய் வாழையடிக்குப் போய்விட்டார்கள். "மாப்பிள்ளைக்கு ஒரு டசன் லேஞ்சி வேணுமெண்டு நீங்கதானே சொன்னீங்க" என்றாள். வாய்விட்டு அழுதேன், மச்சான். ஐம்பத்தெட்டு வயதில் வாழையடியில் நின்று அழுதேன்.

அதற்குப் பிறகுதான் றோசம்மா மாமியிடம் போனேன். எண்பத்தெட்டு வயது, காது மட்டும்தான் கொஞ்சம் மந்தம், ஊரில் இவருக்குத் தெரியாத பழங்கதை இல்லை. "மாமி, எங்கட பூட்டன் கஸ்பாருக்குத் தகப்பன் ஆரு, எந்தச் சந்தியோகு?" என்று கத்திக் கேட்டேன். "ஆம்பிளையள்ற தகப்பனைக் கேட்டா எனக்கு என்ன மனே தெரியும்? அவனுகள் வாறவனுகள், போறவனுகள். எந்த வளவுக்கு மாப்பிள்ளையா வந்தவன் எண்டு கேளு, சொல்லுறன்" என்றார். கேட்டேன். என் பூட்டன் கிணத்தடி வளவுக்கு வந்தவர், திரேசம்மாவின் பூட்டன் நாவலடி வளவுக்கு வந்தவர் என்று கண்ணை மூடிக்கொண்டு சொன்னார். இதைவிட வேறென்ன வேண்டும்? இரண்டு வளவு, ஆகவே இரண்டு மாப்பிள்ளை! மாமியின் காலில் விழாத குறையாய் எழும்பி, வெயிலென்றும் பாராமல் சைக்கிளை மிதித்துக்கொண்டு சுவாமியிடம் ஓடினேன்.

சுவாமி ஆறுதலாய்க் கலியாணப் புத்தகத்தை எடுத்தார். கிணத்தடி வளவுக் கலியாணம் 1857. நாவலடி வளவுக் கலியாணம் 1864. இரண்டாவதில் மாப்பிள்ளை தாரமிழந்தவர் என்று எழுதியிருக்கிறது. "கிணத்தடிப் பெண்சாதி மோசம்போன பொறகு அதே ஆள் நாவலடிக்குப் போயிருக்கார் போல. ஒரு மனிசன் ரெண்டு வளவுக்குப் போகலாம்தானே" என்றார். கிணறு வெட்டப் பூதம் புறப்பட்டது என்பார்கள், நானோ பூதத்தைச் சைக்கிளில் ஏற்றிக்கொண்டு போய்ச் சுவாமியின் மேசையில் இறக்கி வைத்திருக்கிறேன். அன்றைக்கே அவர் மேற்றிராணியாருக்கு உத்தரவு கேட்டு எழுதிவிட்டார். உத்தரவு வந்ததும், தபசு காலம் என்றபடியால் ஆரவாரமில்லாமல், இரண்டு சாட்சிகளுக்கு முன்னால் நாங்கள் புதிதாய்ச் சம்மதம் சொல்ல வேண்டுமாம். அதுவரைக்கும் ஒரே கூரையின் கீழ் இருக்கக்கூடாதாம். வீடு அவளுடைய சீதன வீடு. ஆகவே வெளிக்கிட வேண்டியவன் நான்.

அதுகூடப் பெரிதில்லை. சுவாமி வீட்டுக்கே வந்து, மீன் வெட்டிக்கொண்டிருந்த உங்கள் தங்கையைக் கூப்பிட்டு, "முழு மனசோட இவரைப் புருஷனா ஏற்றுக்கொள்ளுறீங்களா எண்டு அண்டைக்கு உங்களைக் கேப்பன், யோசிச்சு வையுங்க" என்றார். சும்மா முறைக்குச் சொன்ன வார்த்தை. வேறு பெண் என்றால் தலையைக் குனிந்து சிரித்திருப்பாள். இவள் கத்தியை வைத்துவிட்டு எழும்பிக் கையைக் கழுவி, "ஓம் சுவாமி, யோசிக்கத்தான் வேணும்" என்றாள். மச்சான், பதினொரு நாளாய் யோசிக்கிறாள்!

தங்கச்சியின் புருஷன் தங்கராசா காலையில் பல் தீட்ட முந்தியே "என்ன மச்சான், முடிவு ஏதும் வந்திச்சா?" என்று கேட்கிறார். முந்தநாள் சவரக்கத்தியும் குடையும் எடுக்க வீட்டுக்குப் போனேன். கடப்படியில் வைத்துத் தந்தாள். தேத்தண்ணியும் தந்தாள், வெளியாட்களுக்குக் கொடுக்கிற கண்ணாடிக் கிளாசில். மாப்பிள்ளை ஜெயராஜா தங்கமான பிள்ளை, ஆனால் அவருடைய தாய் செசீலியா "பொம்பிளைட தாய் தகப்பன்ட கலியாணம் முடியட்டும், பொறகு நம்மட பிள்ளையள்றதப் பாப்பம்" என்று சொல்லியனுப்பிவிட்டார். ஊர் முழுக்க இதே சிரிப்புத்தான். றெஜினாவுக்கு இருபத்தொன்பது வயது, ஆறு இடம் தட்டிப்போய் ஏழாவதாய்ப் பொருந்தின இடம் இது. அவள் என்னோடு கதைக்கிறதே இல்லை. எனக்குப் பயமாயிருக்கிறது, மச்சான். என்னில் என்ன குறை? கோபக்காரன்தான், சோறு குழைந்தால் கத்துவேன்தான். குடிக்கிறதில்லை, வேறு பழக்கமில்லை. இடமாற்றம் வந்து பதுளைக்கு வெளிக்கிடு என்றேன், வந்தாள். அனுராதபுரத்துக்கு வெளிக்கிடு என்றேன், வந்தாள். ஒரு நாளும் மறுத்ததில்லையே. இப்போது மட்டும் என்னத்தை யோசிக்கிறாள்? நீங்கள் மூத்தவர். ஒரு வரி அவளுக்கு எழுதிவிடுங்கள். அன்றைக்கும் நீங்கள் சொன்னதைக் கேட்டவள்தானே.

வீட்டில் பெரியவர்களுக்கு என் வணக்கமும், பிள்ளைகளுக்கு முத்தமும், எல்லாருக்கும் சந்தியோகுமையோரின் காவலும் உண்டாவதாக. எனக்காக ஒரு செபமாலை தனியாய்ச் சொல்லவும்.

இப்படிக்கு,
மேற்றிராணியாரின் முடிவுக்குட்பட்டு, உங்கள் மைத்துனன்,
சூ. நீக்கிலாப்பிள்ளை

பிற்குறிப்பு, 11.3.63: மேலே எழுதின அவ்வளவையும் அடித்துவிட்டதாய் வைத்துக்கொள்ளுங்கள். கஸ்பார் இரண்டு பேர்தான்! மனம் கேளாமல் நேற்றுப் பூசை முடிந்து மரணப் புத்தகத்தோடு இருந்தேன். 1957ஆம் ஆண்டு வெள்ளத்தில் நனைந்து தாள்கள் ஒன்றோடொன்று ஒட்டிக் கிடந்தன. கோயில் குசினியிலிருந்து கேத்திலைக் கொண்டுவந்து ஆவி பிடித்துப் பிரித்தேன். கிணத்தடி வளவுக் கஸ்பார் 1862இல் வாந்திபேதியில் மோசம்போயிருக்கிறார், அடக்கம் செய்த சுவாமியின் கையெழுத்தோடு. செத்த மனிதன் இரண்டு வருஷம் கழித்து நாவலடிக்கு மாப்பிள்ளையாய்ப் போகமாட்டான். ஆகவே உறவுமில்லை, உத்தரவும் தேவையில்லை, எங்கள் கலியாணம் கலியாணம்தான். சுவாமிக்குக்கூடச் சொல்லாமல் முதலில் திரேசம்மாவிடம்தான் ஓடினேன்.

அவள் சந்தோஷப்படவில்லை, மச்சான். முகம் விழுந்துவிட்டது. "அப்ப சுவாமி கேக்க மாட்டாரா?" என்றாள். "என்னத்தை?" என்றேன். "என்னை. சம்மதமா எண்டு." இத்தனை நாளாய் என்னத்தைத்தான் யோசித்தாய் என்று கேட்டேன். "ஒண்டும் யோசிக்கல்ல. என்னையும் ஒத்தர் கேட்டாரே எண்டு இரிந்தன்" என்றாள். பிறகு சொன்னாள்: "அண்டைக்கு எனக்குப் பதினெட்டு. சுவாமி கேட்ட நேரம் பயத்தில எனக்குச் சத்தமே வரல்ல. பின்னுக்கு நிண்ட அண்ணன்தான் 'ஓம் சுவாமி' எண்டு சொன்னவரு. சுவாமியும் எழுதிப்போட்டாரு." எனக்கு இது தெரியாது. பக்கத்தில்தான் நின்றேன், எனக்குத் தெரியாது.

இதைப் போய்ப் பேர்னாட் சுவாமியிடம் சொன்னேன். அவர் கஸ்பாரின் மரணத் தாளையும் என்னையும் மாறி மாறிப் பார்த்துவிட்டு, "அப்ப கட்டாயம் கேக்கத்தான் வேணும்" என்றார். வருகிற இருபத்துமூன்றாந் திகதி சனிக்கிழமை, காலைப் பூசைக்குப் பிறகு. என்ன சொல்லப் போகிறாய் என்று அவளைக் கேட்டேன். "சுவாமிக்குத்தான் சொல்லுவன்" என்று சொல்லிவிட்டாள். அவளுக்கு வரி எழுத வேண்டாம், நீங்களே சாட்சிக்கு வாருங்கள். ஆனால் இந்தமுறை அவளுக்குப் பின்னால் நிற்க வேண்டாம், எனக்குப் பக்கத்தில் நில்லுங்கள்.