எரிகிற டியூபை எவன் மாற்றுவான்?

இருபது வருஷம் ஒயரிங் வேலை பார்த்தவனுக்கு, வெளிச்சத்தைப் பற்றித் தனக்குத் தெரியாதது எதுவுமில்லை என்று ஒரு திமிர் வந்துவிடும். எனக்கு அது முற்றிப்போயிருந்தது. அதில் ஒரு உயிர் போகப் பார்த்தது.

உயிரின் பெயர் மாணிக்கம். என் கொழுந்தியாள் கவிதா வளர்க்கும் பச்சோந்தி. (நம்மூர்ப் பச்சோந்தியை வளர்த்தால் வனத்துறை வந்து நிற்கும். இது வெளிநாட்டு ரகம், பேப்பரெல்லாம் உண்டு.) வேலைப் பயிற்சிக்காக மூன்று மாதம் சென்னைக்குப் போனவள், அதை அரியலூரில் எங்கள் வீட்டில் விட்டுப் போனாள். கூடவே கூண்டு விளக்குக்கு ஒரு புது டியூப், ஒரு டப்பா கால்சியம் பவுடர்.

"மாமா, இந்தப் பழைய டியூபு எரிஞ்சுக்கிட்டேதான் இருக்கும். ஆனா இன்னைக்கே மாத்திடுங்க. வெட்டுக்கிளி குடுக்குறப்ப பவுடர்ல பொரட்டிக் குடுங்க."

எனக்குச் சுர்ரென்று ஏறியது. எரிகிற டியூபைக் கழற்றச் சொல்ல இவள் யார்? புது டியூபைப் பீரோ மேல் போட்டேன். பவுடரையும் நிறுத்தினேன். எங்கள் ஊரே சுண்ணாம்புக்கல் மேல் உட்கார்ந்திருக்கிறது. போர் தண்ணீரைக் காய்ச்சினால் பாத்திரத்தின் அடியில் வெள்ளையாகத் தோசை வார்த்தது போலப் படிகிறது. அதைவிடவா டப்பாவில் கால்சியம்? மாணிக்கம் நக்கிக் குடிக்க அந்தத் தண்ணீரையே இலையில் தெளித்தேன்.

கவிதா திரும்ப நான்கு நாள் இருக்கும்போது, மாணிக்கம் கிளையைப் பிடிக்க முடியாமல் கீழே கிடந்தது. கால் நடுங்கியது. நாக்கு பாதி வந்து நின்றது. கூண்டை ஜன்னல் கண்ணாடி ஓரம் தூக்கி வைத்தேன், வெயில் பட்டாவது தேறட்டும் என்று. தேறவில்லை.

"இது செத்துச்சுன்னா என் தங்கச்சி மூஞ்சில எப்படிங்க முழிப்பேன்?" என்றாள் என் பெண்டாட்டி செல்வி.

"வாய மூடிக்கிட்டு வண்டில ஏறு!"

ஃபேன் வந்த அட்டைப்பெட்டியில் மாணிக்கத்தை வைத்து, செல்வி மடியில் பிடித்துக்கொள்ள, பெரம்பலூரில் ஒரு கால்நடை டாக்டரம்மாவிடம் ஓடினோம். வழியில் ஒவ்வொரு வேகத்தடையிலும், "உசுரு இருக்கா பாரு" என்று கத்தினேன்.

அங்கே எங்களுக்கு முன்னால் இரண்டு மாடு, ஒரு ஆடு. ஆட்டுக்கார அம்மா பெட்டிக்குள் எட்டிப் பார்த்தது.

"ஏங்க, ஓணானுக்கெல்லாமா ஊசி போடுறாங்க?"

"ஒங்க ஆட்டப் பாருங்க!" என்று எரிந்து விழுந்தேன்.

டாக்டரம்மா காலைத் தொட்டுப் பார்த்தார். "எலும்பு மெழுகாட்டம் இருக்கு. டியூபு எப்ப மாத்துனீங்க?"

"எரியுதுங்க."

"எரியும். ஆனா எலும்புக்கு வேண்டிய கதிர் மங்கிப்போயிருக்கும், கண்ணுக்குத் தெரியாது. அது இல்லாம கால்சியம் ஒடம்புல சேராது. பவுடராவது குடுத்தீங்களா?"

"ஊர்த் தண்ணியிலயே நெறைய இருக்கேன்னு…"

"வெயில்ல வச்சீங்களா?"

"கண்ணாடி ஜன்னல் ஓரம் வச்சேன்."

"கண்ணாடி அந்தக் கதிரை உள்ளவே விடாதுங்க." நிமிர்ந்து என்னைப் பார்த்தார். "நீங்க என்ன வேலை பாக்குறீங்க?"

எலக்ட்ரீஷியன் என்று சொல்ல நாக்கு வரவில்லை. மாணிக்கத்தின் நாக்கு மாதிரி பாதியில் நின்றது.

"வெவசாயங்க" என்றேன்.

பின்னாலிருந்து ஆட்டுக்கார அம்மா குரல்: "இவரா? கல்லங்குறிச்சில எங்க வூட்டுக்கு ஒயரிங் பண்ணவரே இவருதான!"

ஆடு உட்பட எல்லோரும் என்னைப் பார்த்தார்கள்.

டாக்டரம்மா சொட்டு மருந்து கொடுத்தார். வீட்டுக்கு வந்ததும் சட்டையைக்கூடக் கழற்றாமல் புது டியூபை மாட்டினேன். நான்கு நாளும் கூண்டு முன்னாலேயே உட்கார்ந்திருந்தேன், என் எலக்ட்ரிக் கடையைத் திறக்கவில்லை. மூன்றாம் நாள் அது பவுடரில் புரட்டிய வெட்டுக்கிளியை விழுங்கியபோது எனக்கு அழுகை வந்துவிட்டது. (செல்வி பார்த்துவிட்டாள், சனியன்.)

மாணிக்கம் பிழைத்தது. முன்னங்கால் ஒன்று மட்டும், கட்டிங் பிளேயரால் வளைத்த கம்பி போல, கோணலாகவே நின்றுவிட்டது. கவிதா வந்து அந்தக் காலைப் பார்த்தாள். என்னைப் பார்த்தாள். செல்வி போனிலேயே எல்லாவற்றையும் சொல்லியிருந்தாள் போல.

"ஏன் மாமா, வெவசாயமெல்லாம் எப்படிப் போவுது?"

அன்றிலிருந்து வீட்டில் எனக்கு அதுதான் பெயர். வீட்டோடு நின்றிருந்தாலும் பரவாயில்லை. போன வாரம் கல்லங்குறிச்சியிலிருந்து ஒரு போன்.

"வெவசாயிங்களா? எங்க வூட்டுல ஃபேன் ஓடலைங்க, கொஞ்சம் வந்து பாருங்க."

போய்ப் பார்த்துச் சரி செய்துவிட்டுத்தான் வந்தேன்.