பாண்டில்

"வண்டி வந்தாச்சு, தூக்குங்க!" என்று பறந்தான் மூத்தவன்.

அப்பா இறந்து அரைநாள்கூட ஆகவில்லை. ஆனால் தங்கை கிளம்பிவிட்டாள் என்று காதில் விழுந்ததிலிருந்து அவனுக்கு இருப்புக்கொள்ளவில்லை. சொல்பேச்சு கேட்காமல் கல்யாணம் செய்துகொண்டவள் அப்பா முகத்தைப் பார்க்கவே கூடாது என்பது அவன் சபதம். அம்மா காலில் விழாத குறையாகக் கெஞ்சியும் மசியவில்லை.

"பாண்டில் எங்கப்பா?" என்றார் அகராதிக்காரர். அப்பாவோடு ஒரே மேசையில் உட்கார்ந்து அகராதி தொகுத்த நண்பர்.

"என்னது?"

"'என்னைப் பாண்டில்லதான் கொண்டுபோகணும்'னு நேத்து கேட்டானே. நீயும் தலையாட்டினியே."

ஆட்டியது உண்மைதான். சாகக் கிடப்பவரிடம் அர்த்தமா கேட்பார்கள்?

"கடைசி ஆசையாச்சே, மீறலாமா?" என்று உறவுக்கூட்டம் முணுமுணுத்தது. மூத்தவனுக்கு ஊர் வாய் என்றால் பயம்.

"அப்படின்னா என்ன மாமா?"

"பழைய சொல். ரெண்டு சக்கர வண்டி."

"பைக்கா?" என்றார் சித்தப்பா. அழுதுகொண்டிருந்த அத்தை, அழுகையை நிறுத்தி முறைத்துவிட்டு மறுபடி தொடர்ந்தாள்.

வந்த வேனைத் திருப்பி அனுப்பிவிட்டு, சந்தைக்கு ஓடி ஒரு கைவண்டியைத் தள்ளிக்கொண்டு வந்தான். வெங்காயச் சருகு இன்னும் ஒட்டியிருந்தது.

"சக்கரம் சரி. மாடு?"

"மாடு வேணுமா? முன்னாடியே சொல்றதுக்கென்ன?"

"நீ எங்க கேட்டே?"

பால்பண்ணைக்காரர் மனமிரங்கிக் கொடுத்த மாடு தெருமுனை வரை ஒழுங்காக வந்தது. கைவண்டியைப் பார்த்ததும் படுத்துவிட்டது. ஐந்து பேர் தூக்கியும் எழவில்லை.

வேறு வழியின்றிக் கல்யாண ஊர்வலக் குதிரைவண்டியை வாடகைக்குப் பிடித்தான். அதில் 'மணமக்கள் வாழ்க' என்று வண்ண விளக்கு மின்னிக்கொண்டிருந்தது. அணைக்கும் பொத்தான் எங்கே என்று வண்டிக்காரருக்கே தெரியவில்லை.

அகராதிக்காரர் சுற்றிவந்து பார்த்தார். "குதிரை பூட்டினதும் உண்டுதான். ஆனா பாண்டில்ல யாரும் படுத்துட்டுப் போனதில்லப்பா. உக்காந்துதான்."

"உக்கார வைக்கிறதா? உடம்பு விறைச்சுப்போச்சே மாமா!"

சொன்ன பிறகுதான் அது யாருடைய உடம்பு என்று அவனுக்கு உறைத்தது. படியிலேயே உட்கார்ந்து, காலையிலிருந்து அழாத அழுகையெல்லாம் சேர்த்து அழுதான்.

அப்போது வாசலில் ஆட்டோ நின்றது. தங்கை செருப்பைக்கூடக் கழற்றாமல் உள்ளே ஓடி, அப்பாவின் மேல் விழுந்து கதறினாள். "ஒரு தடவ கண்ணத் திறப்பா!" தடுக்க எழுந்த மூத்தவன் மறுபடி படியிலேயே உட்கார்ந்தான். அம்மா அவளைக் கட்டிக்கொண்டாள்.

மூக்கை உறிஞ்சிக்கொண்டு கேட்டான்: "இப்ப நான் பாண்டிலுக்கு எங்க போறது மாமா?"

அகராதிக்காரர் கண்ணைத் துடைத்தார். "எதுல வேணா கொண்டுபோப்பா. இவ வந்து சேர்ற வரைக்கும் உன்ன அலையவிடணும்கிறதுதான் அவன் என்கிட்ட சொன்ன கடைசி ஆசை."