துண்டு ஐயா எடுத்த கட்டி

கத்தி வேண்டாம். மயக்க ஊசி வேண்டாம். முடி கொட்டாது. புற்றுநோய்க் கட்டி உடம்பில் எங்கே இருந்தாலும் சரி, அதன் மேல் ஒரு வெள்ளைத் துண்டை விரிப்பார். கண்ணை மூடுவார். 'ஹும்' என்று ஒரு உறுமல். கட்டி ரத்தம் சொட்டச் சொட்ட வெளியே வந்து கண்ணாடிக் கிண்ணத்தில் விழும். தோலில் ஒரு கீறல் இருக்காது. இத்தனை சக்தி உள்ளவருக்கு ஒலிபெருக்கி இல்லாமல் பேச மட்டும் வராது.

துண்டு ஐயா ஊருக்குள் வந்து இறங்கியதிலிருந்து அந்த வாடகை மண்டபத்து வாசலில் செருப்பு விட இடமில்லை. ஸ்கேன் படங்களை நெஞ்சோடு அணைத்துக்கொண்டு வரிசை தெருமுனை தாண்டி வளைந்து நின்றது. அந்தப் படங்களை ஐயா பிரித்துக்கூடப் பார்ப்பதில்லை. முக்காலமும் அறிந்தவருக்குப் படம் எதற்கு? வரிசையில் நிற்கும்போதே தொண்டர்கள் பக்கத்தில் வந்து, "எங்கம்மா கட்டி? எந்தப் பக்கம்?" என்று பரிவோடு விசாரித்துப் போவார்கள். சற்று நேரத்தில் மேடையில் ஐயா அதையே ஞானதிருஷ்டியில் கண்டு சொல்வார். கூட்டம் வாயைப் பிளக்கும். பிளந்த வாயால் ஒரு கேள்வி கேட்கலாம் என்று மட்டும் யாருக்கும் தோன்றவில்லை.

இந்தச் செய்தி பிரேக்கக்காவுக்கு எட்டியது வங்கிக்காரி மூலமாகத்தான்.

பிரேக்கக்கா கார் ஓட்டக் கற்றுக்கொடுப்பவர். பக்கத்து இருக்கையில் உட்கார்ந்து "பிரேக்கு! பிரேக்கு!" என்று அவர் போடும் சத்தத்தில் எதிரே வருகிறவர்களும் பிரேக் போட்டுவிடுவார்கள். சில வருடங்களுக்கு முன் அவருக்கு மார்பகப் புற்றுநோய் வந்து, இடது மார்பை எடுத்துவிட்டார்கள். மாமியார் ஊருக்கெல்லாம் "மருமகளுக்குப் பித்தப்பையில கல்லு" என்று அறிவித்துவிட்டார். மார்பு என்று சொல்வதைவிடக் கல் என்பது கௌரவம் அல்லவா? அக்காவும் கல் என்றே சொல்லிக்கொண்டு திரிந்தார். சட்டைக்குள் வைத்துக்கொள்ள மெத்தென்று ஒரு துணிப்பை தைத்துக்கொண்டார். உள்ளே பஞ்சு. எடைக்குக் கொஞ்சம் கடுகு.

ஆனால் ஆஸ்பத்திரி நாட்களை அவரால் மறக்க முடியவில்லை. டாக்டர் நல்லவர்தான், பேசத்தான் நேரமில்லை. கை வீங்குமா, வாய் புண்ணாகுமா, கொட்டிய முடி திரும்ப வருமா என்பதையெல்லாம் சொன்னது பக்கத்துக் கட்டில்காரம்மா. "பயப்படாத, எனக்கும் அப்படித்தான் இருந்துச்சு" என்று அந்த அம்மா சொன்ன பேச்சில்தான் அக்கா மிச்ச மருந்தைத் தாங்கினார். அதே பேச்சை இன்னும் பலருக்குச் சொல்ல வேண்டும் என்று, ஞாயிற்றுக்கிழமை மாலைகளில் டிரைவிங் ஸ்கூல் அறையைத் திறந்து வைத்தார். ஊருக்கு அது 'பெண்களுக்கான தனி வகுப்பு'. 'முந்தாதே', 'வேகத்தைக் குறை' என்ற பலகைகளுக்குக் கீழே நோய் கண்ட பெண்கள் வந்து உட்கார்வார்கள். அழுவார்கள். ஒருத்தியின் பொய்முடியை இன்னொருத்தி போட்டுப் பார்த்து வயிறு வலிக்கச் சிரிப்பார்கள்.

அங்கே வந்தவர்களில் இளையவள் வங்கிக்காரி. கீமோ ஊசி பாதியில் இருந்தது. அந்த ஞாயிறு முகமெல்லாம் பல்லாக வந்தாள்.

"அக்கா, எனக்குச் சரியாப் போச்சு! இனிமே ஊசி வேண்டாம்."

"டாக்டர் சொன்னாரா?"

"துண்டு ஐயா எடுத்துட்டாருக்கா. என் கண்ணால பாத்தேன். கறுப்பா, கொழகொழன்னு... எங்க வீட்டுக்காரர் அழுதுட்டாரு."

"தொட்டுப் பாத்தியா? கட்டி போயிருச்சா?"

"அய்யோ, தொடவே கூடாதாம்! டாக்டர்கிட்டயும் காட்டக் கூடாதாம். கைபட்டா திரும்ப வந்துருமாம்."

அக்காவுக்குக் கோபம் சுர்ரென்று ஏறியது. வங்கியில் கள்ள நோட்டை விரலால் தடவியே கண்டுபிடிக்கிறவள் இவள்! திட்ட வாயெடுத்தவர் அவள் முகத்தைப் பார்த்து அடக்கிக்கொண்டார். நோய் தெரிந்த முதல் வாரத்தில் இப்படி ஒருவன் எதிரே வந்திருந்தால், தானும் துண்டுக்குக் கீழே போய்ப் படுத்திருப்போம் என்று அவருக்குத் தெரியும். இவள் முட்டாள் இல்லை. பயந்துபோனவள். பயந்தவர்களைப் பார்த்துத்தானே கடை விரிக்கிறார்கள்!

"சரி, என்னையும் ஐயாகிட்ட கூட்டிட்டுப் போ" என்றார்.

மறுநாள் இருவரும் வரிசையில் நின்றார்கள். தொண்டர் வந்து குனிந்தார். "உங்களுக்கு எங்கம்மா?"

"இடது மார்புலங்க. தூக்கமே இல்ல" என்றார் அக்கா.

வங்கிக்காரி திடுக்கிட்டாள். "அக்கா, உங்களுக்கு இடது பக்கம்தான்..."

"நீ பேசாம பாரு. கண்ணை மட்டும் மூடிராத."

மேடையில் அக்காவைப் படுக்க வைத்தார்கள். ஐயா ஒழுக்கசீலர், பெண்களைத் தொட மாட்டார். சட்டைக்கு மேலேயே துண்டை விரித்தார். கண் மூடி ஆடினார்.

"இடது பக்கம்! தாயே, இடது பக்கம்! உறக்கமே இல்லையே உனக்கு!"

கூட்டம் கன்னத்தில் போட்டுக்கொண்டது. ஹும்! துண்டு துள்ளியது. கொழகொழவென்று ஒரு கறுப்புக் கட்டி கிண்ணத்தில் 'சளக்' என்று விழுந்தது. கைதட்டலில் கூரை அதிர்ந்தது.

"பொழைச்சே! இன்னும் கொஞ்ச நாள் விட்டிருந்தா எலும்புக்கு இறங்கியிருக்கும்!"

அக்கா எழுந்து உட்கார்ந்து மைக்கைப் பணிவாக வாங்கிக்கொண்டார். "எங்கேருந்துங்கய்யா எடுத்தீங்க?"

"உன் இடது மார்புலேருந்து."

"நல்லாப் பாத்துச் சொல்லுங்க. வலதுல இல்லியே?"

"நான் பாத்தா பாத்ததுதான்!"

அக்காவின் கை சட்டைக் கழுத்துக்குப் போய் நின்றது. முன்வரிசையில் அவரிடம் கார் பழகும் மளிகைக்கடைக்காரர் இருந்தார். மாமியாரின் தோழிகள் இருவர் இருந்தார்கள். இத்தனை நாள் கட்டிக் காத்த பித்தப்பைக் கல் இதோடு போயிற்று. பக்கவாட்டில் நின்ற வங்கிக்காரியைப் பார்த்தார். பிறகு கூட்டத்துக்கு முதுகைக் காட்டித் திரும்பி, உள்ளே கைவிட்டுத் துணிப்பையை உருவி, தலைக்கு மேலே தூக்கிப் பிடித்தார்.

"இதாங்கய்யா என் இடது மார்பு. நிஜத்தை எப்பவோ ஆஸ்பத்திரில எடுத்துட்டாங்க. எனக்கு வந்தது கல்லு இல்ல, கேன்சரு. இது நானே தைச்சது."

தையலைப் பிரித்து உதறினார். பஞ்சு பறந்தது. கடுகு மேடையெங்கும் உருண்டோடியது.

"கடுகுக்குக் கேன்சர் வருமாங்கய்யா?"

எங்கோ ஒருவர் களுக்கென்று சிரித்தார். அப்புறம் மொத்தக் கூட்டமும் சிரித்தது.

"நாத்திகி! நம்பிக்கை இல்லாதவங்க வந்தா சக்தி கலைஞ்சிரும்!" என்று கத்தியபடி ஐயா துண்டைச் சுருட்டினார். சுருட்டி முடிப்பதற்குள் வங்கிக்காரி பாய்ந்து அதைப் பிடுங்கினாள். ஓரத்தை விரலால் தடவினாள். இரட்டை மடிப்பு, உள்ளே பை. உதறினாள். அடுத்து வரவேண்டிய நோயாளிகளின் கட்டிகள் முன்கூட்டியே வந்து விழுந்தன. சாயத்தில் ஊறிய கோழி ஈரல்.

ஐயா பின்வாசலுக்கு ஓடினார். சக்தி எவ்வளவு இருந்தாலும் கடுகில் கால் வைத்தால் வழுக்கத்தானே செய்யும்? விழுந்தவரைக் கூட்டம் சூழ்ந்துகொண்டது. போலீஸ் வரும்வரை யாரும் விடவில்லை.

வங்கிக்காரி சிரிக்கவில்லை. துண்டைக் கையில் பிடித்தபடி நின்றாள்.

"அப்ப என்னோடது... இன்னும் உள்ளதான் இருக்காக்கா?"

"இருக்கும்மா."

"பயமா இருக்குக்கா."

"இருக்கத்தான் செய்யும். எனக்கும் அப்படித்தான் இருந்துச்சு. காலைல ஆஸ்பத்திரி போறோம். நான் வண்டி ஓட்டுறேன். நீ ஊசி போட்டுக்கிற வரைக்கும் பக்கத்துலயே உக்காந்திருக்கேன்."

டாக்டர் திட்டினார். விட்டுப்போன ஊசியைப் போட்டார். கட்டி சுருங்குகிறது என்று பிறகு ஸ்கேன் சொன்னது. அந்தப் படத்தை வங்கிக்காரியும் அவள் கணவரும் பிரித்து, வெளிச்சத்தில் பிடித்து, கேள்வி கேட்டுக் கேட்டு டாக்டரைப் பாடாய்ப் படுத்தினார்கள்.

மாமியார் சில நாள் முகத்தைத் திருப்பிக்கொண்டு திரிந்தார். பிறகு ஒருநாள் பக்கத்து வீட்டுக்காரியைக் கையோடு இழுத்துக்கொண்டு டிரைவிங் ஸ்கூலுக்கு வந்தார். "இவளுக்கும் கட்டியாம். மறைச்சு வச்சிருக்கா. நீயே கேளு" என்று சொல்லிவிட்டு, 'ஹாரன் அடிக்காதே' பலகைக்குக் கீழே தானும் உட்கார்ந்துகொண்டார். அறையில் நாற்காலி போதவில்லை.

இத்தனைக்கும் பிறகு, கார் பழக வந்த மளிகைக்கடைக்காரர் ஸ்டியரிங்கைப் பிடித்தபடி தயங்கித் தயங்கிக் கேட்டார். "இருந்தாலும் மேடம், வெறும் பஞ்சுக்குள்ளேருந்தே கட்டி எடுத்தாரே, அது சாதாரண சக்தியா?"

அக்கா தன் பக்கத்து பிரேக்கை ஓங்கி மிதித்தார்.

"அண்ணே, அடுத்த தடவை அப்படி ஒருத்தர் வந்தா, துண்டை உங்க தலைமேல விரிக்கச் சொல்லுங்க. ஆனா எடுக்கிறதுக்கு உள்ள ஏதாவது இருக்கான்னு முதல்ல நீங்களே தட்டிப் பாத்துக்குங்க!"