இடிக்கு இரும்பு வைத்த கேட்டுக்காரர்

இருபத்தொரு நாள் அடைகாத்த ஆண்பிள்ளை இந்த மலாயா முழுக்க ஒரே ஒருவர்தான். கூட ஒரு கோழியும் இருந்தது என்பது உண்மை. ஆனால் இருவரில் அதிகம் உழைத்தது யார் என்று கேட்டால், பக்கத்தில் இருந்து பார்த்த நான் கோழியின் பெயரைச் சொல்ல மாட்டேன்.

அவருடைய பெயர் எங்கள் யாருக்கும் தெரியாது. கோலாலம்பூர் பிரிக்பீல்ட்ஸில் ரயில்பாதை சாலையைக் கடக்கிற இடத்தில் கேட்டு மூடித் திறப்பது அவர் வேலை, அதனால் கேட்டுக்காரர். நான் அப்போது ரயில்வே ஆபீசில் புதிதாகச் சேர்ந்த கிராணி, அதாவது குமாஸ்தா. தினமும் இரண்டு தடவை சைக்கிளில் அவர் கேட்டைக் கடக்க வேண்டும், இரண்டு தடவை அவரிடம் திட்டு வாங்க வேண்டும். மாட்டுவண்டி, ரிக்‌ஷா, துரைமார் மோட்டார் என்று அவருக்குப் பேதமே கிடையாது. "ஓய், கண்ணு பொடனியிலயா இருக்கு? பின்னால போ!" என்று அவர் போடுகிற சத்தத்தில் வண்டிக்காரன் சொல்லாமலே மாடுகள் பின்வாங்கும்.

அப்படிப்பட்டவர் உலகத்தில் ஒரே ஒரு ஜீவனிடம்தான் மரியாதையாகப் பேசினார். கிள்ளானிலிருந்து வந்த சரக்கு ரயிலில் கூடை பிய்ந்து, கேட்டுக்குப் பக்கத்தில் குதித்த செம்பட்டைக் கோழி அது. தேடிக்கொண்டு யாரும் வரவில்லை. அது நேராக அவருடைய தகரக் கொட்டகைக்குள் நடந்துபோய், மடித்து வைத்திருந்த காக்கிக் கோட்டின்மேல் உட்கார்ந்துகொண்டது. அன்றிலிருந்து அதற்குப் பெயர் அம்மணி. "அம்மணி, மெயில் வண்டி வருது, கொஞ்சம் ஒதுங்கிக்குங்க" என்று அவர் கெஞ்சியதை என் காதால் கேட்டிருக்கிறேன்.

அம்மணி முதல் தடவை அடைக்கு உட்கார்ந்தபோது, ஊர் வழக்கப்படி கூடையில் வைக்கோல் பரப்பி, ஒன்பது முட்டை வைத்து, ஓரத்தில் ஒரு கரித்துண்டு, காய்ந்த மிளகாய், ஓர் இரும்பு ஆணி எல்லாம் வைத்தார். இடி இடித்தால் அடைமுட்டை கெட்டுப்போகும், இரும்பு இருந்தால் இடி அண்டாது என்பது நம்மவர்கள் நம்பிக்கை. ஊரில் இடி வருடத்துக்குப் பத்து நாள் இடிக்கும். கோலாலம்பூரில் சாயங்காலம் நான்கு மணியானால் ஆபீஸ் மணி மாதிரி இடிக்கும். ஒன்பதும் கூமுட்டையாகப் போயின. நாள் கடந்த பிறகும் அம்மணி எழுந்திருக்கவில்லை. இன்னும் ஆறு நாள் அந்தக் கெட்ட முட்டைகள்மேலேயே படுத்துக் கிடந்தது. எழுப்ப மனசில்லாமல் அவரும் பக்கத்திலேயே குந்தியிருந்தார். அந்த ஆறு நாளும் கேட்டில் யாருக்கும் திட்டு விழவில்லை. எனக்குச் சோறே இறங்கவில்லை.

"தப்பு ஆணி மேலதான், தம்பி" என்றார் கடைசியில். "நம்ம ஊரு இடிக்கு ஆணி போதும். இந்த ஊரு இடிக்கு ஆணி எந்த மூலைக்கு?"

"அண்ணே, இடிக்கும் முட்டைக்கும் ஒரு சம்பந்தமும் இல்ல. படிச்சவன் சொல்றேன், கேளுங்க."

"நீ இதுவரைக்கும் எத்தன முட்ட அடைவச்சிருக்க?"

நான் சைக்கிளை எடுத்துக்கொண்டு கிளம்பினேன்.

இரண்டு மாதம் கழித்து அம்மணி மறுபடி அடைக்கு விழுந்தது. இந்தத் தடவை பதினொரு முட்டை. "இன்னொரு தடவ போச்சுன்னா அவங்க தாங்க மாட்டாங்க, தம்பி" என்றார். அவரும் தாங்க மாட்டார் என்று எனக்குத் தெரிந்தது.

முதல் நாள் ஒரு போல்ட்டு வைத்தார். அடுத்த நாள் இடி பலமாக இருந்ததால் இரண்டு தண்டவாள ஆணி. மூன்றாம் நாள் ஒரு துருப்பிடித்த சங்கிலி. ஒரு வாரத்தில் அந்தக் கூடையை இரண்டு பேர் சேர்ந்தாலும் அசைக்க முடியாது என்ற நிலைமை. எட்டாம் நாள் கொட்டகைக் கதவைச் சாத்தி, சிக்னல் விளக்கைக் கொளுத்தி, முட்டைகளை ஒவ்வொன்றாக வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தார். உள்ளே சிவப்பு நரம்பு ஓடுவது தெரிந்ததும், "லைன் கிளியர்!" என்று ஒவ்வொரு முட்டைக்கும் ஒரு கத்து. பதினொரு தடவை கத்தினார்.

அம்மணி தினமும் ஒரு தடவைதான் தீனிக்கு எழுந்து போகும். ஒரு நாள் அப்படிப் போன நேரத்தில் மழை பிடித்துக்கொண்டு, அது எதிர்ப்பக்கத்துப் புளியமரத்தடியில் மாட்டிக்கொண்டது. நான் கொட்டகைக்குள் ஒதுங்கினால், கேட்டுக்காரர் கூடையைக் கோட்டால் மூடி, அதன்மேல் வயிற்றை வைத்துக் கவிழ்ந்து படுத்திருந்தார். "சூடு போயிரும் தம்பி, பேசாத" என்றார். அரை மணி நேரம் அசையவில்லை. சிரிக்கத்தான் வாயைத் திறந்தேன், சிரிப்பு வரவில்லை.

இருபத்தொன்றாம் நாள் லைன் துரை டிராலியில் பாதையைப் பார்வையிட வந்தார். தமிழ் தெரியாத மனிதர், அதனால் பேச்சை மாற்றிச் சொல்ல என்னையும் ஏற்றிக்கொண்டார். தண்டவாளம் முடுக்குகிற பெரிய ஸ்பேனர் ஒன்று இரண்டு வாரமாகக் காணோம் என்று வழியெல்லாம் பொருமிக்கொண்டே வந்தார். கொட்டகைக்குள் எட்டிப் பார்த்தார். வைக்கோலுக்கு வெளியே முழங்கை நீளத்துக்கு ஸ்பேனரின் பிடி நீட்டிக்கொண்டிருந்தது. மேலே அம்மணி.

துரை கோழியைத் தூக்கக் கையை நீட்டினார். கேட்டுக்காரர் குறுக்கே வந்து நின்றார். கையில் சிவப்புக் கொடி.

"காலையிலயே கொத்து விழுந்தாச்சு, தம்பி. குஞ்சு ஓட்ட ஒடைக்கிற நேரம். இப்பக் கை வைக்கக் கூடாது. வேணும்னா என் வேலைய எடுத்துக்கச் சொல்லு."

அதை அப்படியே சொல்ல எனக்குத் தைரியம் வரவில்லை. "கொஞ்சம் பொறுக்கச் சொல்கிறார்" என்றேன். துரையின் முகம் சிவந்தது. அந்த நேரம் பார்த்து மணி நான்காயிற்று.

அப்படி ஓர் இடியை நான் அதற்குப் பிறகு கேட்டதில்லை. தகரக் கூரை அதிர்ந்தது. மழை கொட்டியது. நாங்கள் மூன்று பேரும் அந்தச் சின்னக் கொட்டகைக்குள் கூடையைச் சுற்றி நின்றோம். கேட்டுக்காரர் இரண்டு கையாலும் கூடையை அணைத்துக்கொண்டு, "பயப்படாதீங்க அம்மணி, பயப்படாதீங்க" என்று சொல்லிக்கொண்டிருந்தார். இரண்டு இடிக்கு நடுவில், கோழியின் வயிற்றுக்கடியிலிருந்து கீச்சென்று ஒரு சத்தம்.

துரை தொப்பியைக் கழற்றினார். என்ன விஷயம், எதற்கு இரும்பு என்று கேட்டார். நான் சொன்னேன். அடுத்த இடி விழுந்ததும் என் பக்கம் குனிந்து, "இவ்வளவு இரும்பு போதுமா என்று கேள்" என்றார்.

"பத்தாதுங்க" என்றார் கேட்டுக்காரர்.

துரை சட்டைப் பையிலிருந்து பேனாக் கத்தியை எடுத்துக் கூடையில் வைத்தார். படித்தவனான நான் என்ன செய்தேன் என்று கேட்கிறீர்களா? ஆபீஸ் அலமாரிச் சாவிக்கொத்தை இடுப்பிலிருந்து அவிழ்த்து வைக்கோலுக்குள் செருகினேன்.

மழை விடுவதற்குள் மூன்று குஞ்சுகள், ஈரத் தலையோடு அம்மணியின் இறக்கைக்கு வெளியே எட்டிப் பார்த்தன. மறுநாள் காலைக்குள் பத்து. பொரிக்காத அந்த ஒன்று, இரும்பு எட்டாத ஓரத்தில் இருந்ததாம். ஸ்பேனரைக் கழுவித் துடைத்துக் கேட்டுக்காரரே ஆபீசுக்குக் கொண்டுவந்தார். எங்கே இருந்தது என்று கணக்கில் எழுத வேண்டும் என்று துரையிடம் சொன்னேன். "பத்திரமான இடத்தில் இருந்தது என்று எழுது" என்றார் துரை.

நான்காம் நாள் காலை அம்மணி குஞ்சுகளைக் கூட்டிக்கொண்டு எதிர்ப்பக்கத்துப் புளியமரத்துக்குக் கிளம்பியது. ரயில் எதுவும் வராத நேரம். கேட்டுக்காரர் சாலையின் இரண்டு பக்கமும் கேட்டை மூடினார். மாட்டுவண்டிகள் நின்றன, துரையின் மோட்டாரும் நின்றது. யாரும் ஹாரன் அடிக்கவில்லை. பச்சைக் கொடியை நீட்டிப் பிடித்தபடி அவர் விறைப்பாக நின்றார், கண்ணில் தண்ணீர் வழிந்தது. பிற்காலத்தில் எத்தனையோ பெரியவர்கள் போவதற்காகச் சாலையை அடைத்ததைப் பார்த்திருக்கிறேன். அன்றைக்குப் போல் சைக்கிளை விட்டு இறங்கி நிற்க எனக்குத் தோன்றியதில்லை.

எங்கள் வீட்டில் கோழி வளர்ப்பதில்லை. இருந்தாலும் நான்கு மணிக்கு இடி இடித்தால் என் கை தானாகச் சாவிக்கொத்துக்குப் போகிறது. எங்கேயோ ஒரு தகரக் கொட்டகையில் அவர் இன்னும் கூடையை அணைத்துக்கொண்டு உட்கார்ந்திருப்பதாகவும், இரும்பு பத்தவில்லை என்று என்னைத் தேடுவதாகவும் எனக்குத் தோன்றுகிறது.